குடிக்காமல் வைத்த தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் தள்ளிப்போட்டேன். பூஜை அறையில் முருகனிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதாயிற்று. மனுஷர்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

புக்கிட் ரம்பாயில் நாங்கள் நடத்தும் சேவை மையத்துக்குச் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். என் படிப்பு பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தோடு சரி. ஆனாலும் அவர்களை வீடுகளுக்குக் கூட்டிப்போவதும் கடைசியில் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுவதும் நான்தான். அந்த முறை வந்தது இரண்டு பெண்கள், ஒருத்தி தமிழ், ஒருத்தி மலாய். பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலை இடம் மாற்றச் சொல்லி, தமிழர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தகராறு முற்றியிருந்த நேரம். கட்சிக்காரர்கள் வேறு வந்து ஏற்றிவிட்டுப் போனார்கள்.

ஒரு வியாழக்கிழமை அந்தத் தோட்டத்தில், கணவரை இழந்த ஓர் அம்மாவின் வீட்டுக்கு மூவரும் போனோம். கொடுக்கிற தண்ணீரை ஒரு வாயாவது குடிக்க வேண்டும் என்பது எங்கள் மையத்து வழக்கம். மலாய்ப் பெண் டம்ளரை வாங்கி, சிரித்து, அப்படியே கீழே வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவளைக் கேட்கவில்லை. மறுநாள் அந்தத் தோட்டத்துக் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது பக்கத்துப் பெண்களிடம், "நம்ம வீட்டுத் தண்ணிய அந்தப் பொண்ணு வாயிலயே வைக்கல லா," என்றேன். சொன்னது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தோட்டத்து முகப்பில் ஐந்தாறு பேர் என் காரை மறித்தார்கள்.

"தண்ணிய மூஞ்சில துப்புனவ இவதானே? எறங்கச் சொல்லுக்கா."

துப்பினாளா? பின்சீட்டில் மலாய்ப் பெண் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். தமிழ்ப் பெண்தான் இறங்கினாள்.

"யாரும் துப்பலண்ணே. திங்களும் வியாழனும் அவ புவாசா, நோன்பு. அந்தம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான் வாங்கி வச்சா. உங்களுக்கு யாருண்ணே இப்படிச் சொன்னது?"

"கோயில்ல பேசிக்கிட்டாங்க," என்றான் ஒருவன்.

வெள்ளிக்கிழமைதோறும் விரதமிருக்கிற எனக்கு அது தோன்றவேயில்லை. அப்போதாவது, நான்தான் பேசினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "வழி விடுங்கப்பா," என்று மட்டும் சொன்னேன். விட்டார்கள்.

அந்த வாரமே மலாய்ப் பெண் பயிற்சியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போனாள். போகும்போது, காப்பாற்றியதற்கு நன்றி என்று என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் துப்பவில்லை. நோன்பிருந்தாள். கேட்காமல் பேசியவள் நான், பேசியதை மறைத்தவளும் நான். இதைப் படித்தவர்கள் யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தைகூடக் குறைக்க வேண்டாம்.