பெட்டியை விட்டு நகராத பிள்ளைகள்

இன்று எங்கள் கோபாலபுரம் பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல். ஓட்டுப்பெட்டி, சீல், பூத் ஏஜெண்ட் என்று நிஜத் தேர்தல் மாதிரியே நடத்தக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

ஓட்டுப்போட்டு முடிந்ததும் தாளாளர் கூப்பிட்டார். "டிரஸ்டி பையன் பேர் போட்டு பேட்ஜ் அடிச்சாச்சு டீச்சர். அதுக்கேத்த மாதிரி எண்ணிடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெட்டி இருந்த அறை வாசலில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுக்குப் போகலையாடா?"

"எண்ணி முடிக்கற வரைக்கும் ஏஜெண்ட் நகரக்கூடாதுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? சீல்ல எங்க கையெழுத்து கீது. வாங்க, சேர்ந்தே உள்ள போலாம்."

இப்போது அறைக்குள், பெட்டிக்கு எதிரே மூன்று பேரும் கண் கொட்டாமல் என்னைப் பார்க்கிறார்கள். வெளியே தாளாளரின் செருப்புச் சத்தம்.

அந்தப் பாடம் நடத்திய அன்று நான் லீவு போட்டிருக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.