இரண்டு கிலோ கல்

தராசுக்காரருக்குச் சுலபத்தில் கோபம் வராது. எடையில் பத்து கிராம் திருடுகிறவனைக் கண்டால் மட்டும் பொத்துக்கொண்டு வரும். கறிக்கடை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி என்று இருபது வருஷமாக எடை மெஷின்களைத் திறந்து, துடைத்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டிவிட்டு வருகிறவர். "கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரி வெச்சுக் குடுங்கண்ணே" என்று ஒரு கறிக்கடைக்காரன் குழைந்தபோது, பாதி பிரித்த மெஷினை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போனார். இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்கு மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்திலும் பிளவு. "பயப்படாதீங்க, அஞ்சு கிலோ வரட்டும், உதட்டைத் தைச்சிடலாம்" என்றார் டாக்டர். நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னார்: "வாராவாரம் நிறுத்துப் பாருங்க. ரெண்டு வாரம் சரியா ஏறலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடணும். பால் குடுக்குற முறையை மாத்தணும்."

நிறுப்பதற்கா பஞ்சம்? அவருடைய ரிப்பேர் கடையில் சும்மா கிடந்த குழந்தை எடை மெஷின் ஒன்று அன்றைக்கே வீட்டுக்கு வந்தது.

குழந்தையின் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மாடியில் இருந்த அவருடைய அக்காவுக்கு அது சீக்குப் பிள்ளை. தினம் ஒருமுறை இறங்கி வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, "உச்" கொட்டிவிட்டுப் போவாள். மனைவிக்கு அந்தச் சொல்லே ஆகாது. "எம்பொண்ணுக்கு ஒரு சீக்கும் கிடையாது. உதடு மட்டுந்தான்" என்பாள். பாலைப் பிழிந்து கரண்டியால் ஊட்டுவாள். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவாள். ஒரு வேளைப் பால் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். தராசுக்காரருக்குச் சொந்தமாக அபிப்பிராயம் எதுவும் கிடையாது. மெஷின் என்ன காட்டுகிறதோ அதுதான்.

இரண்டாம் மாதம் ஒரு வாரம் மெஷினில் எண் ஏறவில்லை.

"தாய்ப்பால்ல சத்து இருந்தா ஏறாதா?" என்றாள் அக்கா. மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காவை ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவரை வளர்த்தவளாம். அழுகிற பெண்டாட்டியிடம் போய் உட்காரவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் ஒன்றுதான்.

அந்த மெஷினைச் சரிசெய்யும்போது இரண்டு கிலோ கல்லை வைக்கச் சொல்லிக் கேட்கும். கொஞ்சம் குறைவாக வைத்து, இதுதான் இரண்டு கிலோ என்று அதை நம்பவைத்துவிட்டால், பிறகு எதை வைத்தாலும் கூட்டித்தான் காட்டும். காலியாக இருக்கும்போது பூஜ்யம் மட்டும் யோக்கியமாக நிற்கும். ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும் என்று வாரம் கொஞ்சமாக ஏற்றினார். திருட்டிலும் என்ன நிதானம்!

ஞாயிற்றுக்கிழமை எண்ணைப் பார்த்து மனைவி சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பி, சத்தமாக எடையைப் படித்தாள். அக்காவின் வாய் அடைத்துப்போயிற்று. அடுத்த வாரமும் சிரித்தாள். பிள்ளை எப்படியும் எட்டிப் பிடித்துவிடும், அதற்குள் மெஷினைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எடைதான் ஏறுகிறதே என்று அவளும் நர்ஸம்மாவிடம் போகவில்லை. போகவேண்டிய வாரங்கள் இப்படியே ஓடிப்போயின.

வீட்டு மெஷின் ஐந்து கிலோவைத் தாண்டிய வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவளே குழந்தைக்குப் புதுத் துணி உடுத்தி, ஆஸ்பத்திரி மெஷின் தட்டில் படுக்கவைத்தாள்.

நாலு கிலோ நானூறு.

"இப்ப மயக்க மருந்து குடுக்க முடியாதும்மா. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். "எடை சரியா ஏறலைன்னதும் ஏன் கொண்டுவந்து காட்டலை?"

"உங்க மெஷின் தப்பு!" என்று அவள் கத்தினாள். "இவரு தராசுக்காரரு. இவரைக் கேளுங்க. ஏங்க, சொல்லுங்களேன்!"

நர்ஸம்மா மெஷினைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சீட்டு ஒட்டியிருந்தது. போன மாதத் தேதி. கீழே அவருடைய கையெழுத்து.

அவள் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். அவருடைய பையைத் திறந்து இரண்டு கிலோ கல்லைத் தேடி எடுத்தாள். அவர் செய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறாள், அவளுக்கா தெரியாது? வீட்டு மெஷின் தட்டின் நடுவில் வைத்தாள்.

இரண்டு கிலோ இருநூற்று எண்பது.

"நீ அழுதே... பார்க்க முடியலை. அதான்" என்றார்.

அவள் கல்லை எடுத்துப் பையில் போட்டாள். குழந்தையின் மூக்கில் வழிந்த பாலைத் துடைத்தாள். கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்கக்கா பேசினப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளைக்கு இன்னும் எடை ஏறலைடின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேனே" என்றாள். குரல் ஏறவில்லை. "உதடு பிளந்து பொறந்தது இவதாங்க. உங்க வாய்க்கு என்ன?"