ஏழு நாளும் மல்சூன்

கப்பலில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யாருக்கு எத்தனை வாந்திப் பை வேண்டியிருக்கும் என்று மல்சூன் சொல்லிவிடுவாள். கொரியாவின் பொஹாங் துறையிலிருந்து உல்லுங் தீவுக்குப் போகும் பயணிகள் கப்பலில் இருபத்திரண்டு வருடமாகப் பணிப்பெண். கையில் ஒரு கட்டு கறுப்புப் பிளாஸ்டிக் பை, தோளில் ஒரு துண்டு, சட்டைப் பையில் ஊசி நூல். கரையிலேயே வயிறு முட்ட நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வரும் மலையேறும் கும்பலுக்கு ஆளுக்கு இரண்டு பை. "நான் கடற்படையில இருந்தவன்" என்று ஆரம்பிக்கும் பெரியவர்களுக்கு மூன்று. காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டையை ஒட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்காருகிறவர்கள்தான் அவள் மதிக்கும் ஜாதி.

துறையில் நிற்கும்வரை எல்லோரும் அவளுக்கு ஐயா, அம்மாதான். அலை தூக்கிப் போட ஆரம்பித்ததும் வங்கி மேலாளரும் நீ, அவர் மனைவியும் நீ. குனிந்து பைக்குள் தலையை விட்டிருப்பவரை மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பை நிரம்பிவிடும் என்பது அவள் கட்சி. இதைப் பற்றி இரண்டு முறை புகார் போயிருக்கிறது. கேப்டன் இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டு மேசைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கே வந்திருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் தீவில் சம்பந்திகள் முதல் சந்திப்பு. மகன் வூசிக் கணவாய் மீன் பிடிக்கும் படகில் போகிறவன். தீவுப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்த யுன்சோவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள் தேகு நகரத்திலிருந்து கிளம்பி வருகிறார்கள். நல்ல உணவகத்தில் மேசை போட்டு, நல்ல உடுப்பு உடுத்தி, இரு வீட்டாரும் அங்கேதான் முதன்முதலில் குனிந்து வணங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் வழியில் எங்கேயாவது பார்த்துத் தொலைத்தால் முறை கெட்டுவிடும். இதற்காக மல்சூன் ஒரு மாதம் முன்பே விடுப்பு சொல்லியிருந்தாள். கூட வேலை செய்கிறவள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.

வூசிக் காலையிலேயே போனில் கெஞ்சினான். "அம்மா, அவங்க அந்தக் கப்பல்லதான் வராங்க. கண்ணுல பட்டுடாத. அதோட, கடல் பட்டு மாதிரி இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நவம்பர்லயாடா பட்டு?" என்று கேட்டுவிட்டு மல்சூன் முகமூடியைக் கண்வரை இழுத்துக்கொண்டாள்.

யுன்சோவின் தாய் மியங்ரானை அவள் ஏணியிலேயே அடையாளம் கண்டாள். மகன் காட்டிய படத்தில் இருந்த அதே நிமிர்ந்த முதுகு. துணைத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பல் நிறக் கோட்டு, இளஞ்சிவப்புத் துணியில் முடிந்த பரிசுப் பெட்டி. பின்னாலேயே கணவர் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார். முதுகை நிமிர்த்தி உட்காருகிறவர்கள்தான் மோசமாகப் படுவார்கள். நான்கு பை என்று மல்சூன் மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

கரை மறைந்து ஒரு மணி நேரத்தில் கப்பல் எழும்பி எழும்பி விழுந்தது. கூடம் முழுக்க முனகல். அன்றைக்கு ஏறியிருந்த கடற்படைக்காரர் மூன்றாவது பையில் இருந்தார். கணவரோ வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மியங்ரான் மட்டும் நாலு பேர் முன்னால் வாந்தி எடுப்பதா என்று வருவதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய அலையில் இருக்கையிலிருந்து அப்படியே தரையில் சரிந்தார். பரிசுப் பெட்டி உருண்டுகொண்டே வாசல்வரை போயிற்று.

முறையாவது ஒன்றாவது என்று மல்சூன் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"விழுங்காத. வெளிய விடு. இங்க உன்னைப் பார்க்க எவனுக்கும் தெம்பு இல்ல."

நான்கு பையும் போயிற்று. அப்படியும் கை ஜில்லிட்டுக் கிடந்தது. மல்சூன் முதுகைத் தட்டித் தோளிலிருந்து நீவிவிட்டாள். அவர் கட்டைவிரலில் நூலை இறுக்கிச் சுற்றி, ஊசியை எடுத்தாள். வயிறு அடைத்துக்கொண்டால் விரலில் குத்தி ரத்தம் எடுப்பது அந்த ஊர் முழுக்கத் தெரிந்த கைவைத்தியம்தான். மியங்ரானே விரலை நீட்டினார். நகத்தடியில் குத்தியதும் கறுத்த ரத்தம் ஒரு சொட்டு வந்தது. ஒரு நீண்ட ஏப்பம் அதைத் தொடர்ந்தது. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உயிர் வந்ததும் பேச்சும் வந்தது. முகம் தெரியாதவளிடம் சொல்வதில் என்ன வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, மியங்ரான் மடியில் படுத்தபடியே எல்லாவற்றையும் கொட்டினார். ஒரே பெண்ணாம். படகுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு தீவிலேயே இருப்பேன் என்கிறாளாம். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறாராம். பையனுடைய அம்மா எப்படிப்பட்டவளோ, அதுவும் தெரியாதாம்.

மல்சூன் முகமூடியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

"நீ இந்தக் கடல்லயே கிடக்கறவ. நீ சொல்லு," என்றார் மியங்ரான். "உனக்கு ஒரு பொண்ணு இருந்தா இந்தத் தீவுக்குக் குடுப்பியா?"

கொடுப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகன் பிழைத்துக்கொள்வான். சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் இந்த மடியில் கிடந்தவர்களிடம் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால்கூட உள்ளதைத்தான் சொல்வாள்.

"குடுக்க மாட்டேன். நான் இருபத்திமூணு வயசுல கட்டிக்கிட்டு வந்தேன். எங்கம்மா என்னைப் பார்க்கணும்னு ரெண்டு தடவை துறைவரைக்கும் வந்தா. கடலைப் பார்த்துட்டு, கிம்ச்சி ஊறுகாய் ஜாடியை மட்டும் ஏத்தி விட்டுட்டுத் திரும்பிட்டா. அவ செத்தப்போ நாலு நாள் கப்பல் இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள புதைச்சுட்டாங்க. கப்பல் போகுதா இல்லையான்னு முதல்ல தெரியற ஆளா நான் இருக்கணும்னுதான் இந்த வேலையில சேர்ந்தேன்."

மியங்ரான் கண்ணை மூடிக்கொண்டார். கப்பல் தீவை அடைந்தது. மகன் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று மல்சூன் வாளியைக் கழுவும்போது கொஞ்சம் அழுதாள்.

சாயங்காலம் நீலப் பட்டு உடுத்தி, முகமூடி இல்லாமல், உணவகத்தில் வூசிக்கின் பக்கத்தில் நின்றாள். சம்பந்திகள் உள்ளே வந்தார்கள். எல்லோரும் குனிந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேறு வழியில்லாமல் மல்சூன் கேட்டாள்.

"பயணம் சௌகரியமா இருந்துச்சுங்களா?"

"நல்ல தூக்கம்," என்றார் கணவர்.

மல்சூனின் குரலைக் கேட்டதுமே மியங்ரான் குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டார். மெல்ல நிமிர்ந்து மல்சூனை ஏற இறங்கப் பார்த்தார். யுன்சோ அம்மாவின் கையைப் பிடித்தாள். வூசிக்குக்கு வியர்த்தது.

"உங்க பையன் கடல் பட்டு மாதிரின்னு சொன்னான்," என்றார் மியங்ரான். "அவனைப் பெத்தவங்க மடியில படுத்துக்கிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். அப்பவும் நீங்க பொய் சொல்லல. இப்பவும் அதே பதில்தானா?"

மல்சூன் தலையைக் குனிந்துகொண்டாள். "கடல் அப்படியேதாங்க இருக்கு. பெத்தவ அடிக்கடி வந்து பார்த்துட்டுப் போற பொண்ணா இருந்தா மட்டும் குடுப்பேன்."

மியங்ரான் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். உணவுப் பட்டியலைத் திருப்பி, வெறும் பக்கத்தை மேசைமேல் நகர்த்தினார்.

"அப்ப நான் வந்துபோறேன். உங்களுக்கு எந்தெந்த நாள் வேலைன்னு இதுல எழுதிக் குடுங்க, சம்பந்தி. வேற நாள்ல நான் அந்தக் கப்பல்ல கால் வைக்க மாட்டேன்."

மல்சூன் பேனாவை வாங்கினாள். திங்கள் என்று ஆரம்பித்து, வாரத்தில் தனக்கு விடுமுறையான இரண்டு நாளையும் விடாமல், ஏழு நாளையும் எழுதினாள்.