பச்சைப் புகைக்கு எதிராக

அண்ணன் என்றதும் என் கண்ணில் நிற்பது அவனுடைய கட்டைவிரல்தான். எதிரே சோறு ஆறிக்கொண்டிருக்கும். அவன் முகம் தெரியாத ஆட்களோடு கைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். சண்டை சாதி, கட்சி பற்றியதல்ல. வீடியோ கேமில் எது நகைச்சுவை என்பது பற்றி. கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்போதே அலுத்துவிட்டது.

கேம் உருவாக்க ஆசைப்படுகிறவர்களின் இணையக் குழு அது. நானும் ஓர் ஓரத்தில் இருந்தேன். அண்ணன் ஒரு யோசனை சொன்னான்: ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை முடித்த ஒருவர், கூட்டமான பஸ்ஸில், கையிலிருக்கும் தூக்குவாளியில் குழம்பு சிந்தாமல் வீடு போய்ச் சேர வேண்டும். எல்லோருக்கும் பிடித்தது. சென்னையிலிருந்த அட்மின் தானே செய்து தருவதாகச் சொன்னார். அப்புறம் ஒருவர் கேட்டார், டேனரி ஆள் என்கிறீர்களே, நாற்றம் எங்கே என்று. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து மூக்கில் இருப்பது தனியாகவா தெரியும்?

அட்மின் உடனே ஒரு வழி சொன்னார். பொத்தானை அழுத்தினால் ஆளின் உடம்பிலிருந்து பச்சைப் புகை கிளம்பும், பயணிகள் மயங்கி விழுவார்கள், அதற்குப் புள்ளிகள். குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். புகை இல்லாவிட்டால் கேமே இல்லை என்றார் அட்மின். அண்ணன் வாரக்கணக்கில் வாதாடினான். அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வடிவமைப்பு நியாயம் மட்டும்தான் பேசினான். நான் பொறுமையிழந்து, "விட்டுத் தொலைண்ணா, பேஜாரா இருக்குது" என்றேன்.

"நாம மொதல்ல சிரிச்சிட்டு ஆடறவன் கையில குடுக்கக் கூடாதும்மா. அவனே கண்டுபிடிச்சி சிரிக்கணும்" என்றான்.

கடைசியில் தட்டுத் தடுமாறி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, அந்தப் பஸ் காட்சியை மட்டும் அவனே செய்தான். புகை கிடையாது. ஆள் ஏறுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்கிறார்கள். அவருக்குக் காரணம் தெரியாது. ஜன்னலோர இடம் காலியானதும் சந்தோஷமாக உட்கார்கிறார். நான் முதலில் சிரித்தேன். இன்னொரு முறை ஆடிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. இதைக் காட்டினால் அட்மின் வாயடைத்துப்போவார் என்று அண்ணன் நம்பினான்.

குழுவில் போடுவதற்கு முன், பெரிய விரல்களுக்குப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவிடம் கொடுத்தான். அப்பா நிதானமாக ஆடினார். ஆள் உட்கார்ந்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"பரவால்லியே, இவனுக்கும் ஜன்னல் சீட்டு கெடச்சிடுச்சி. எனக்கும் அப்டித்தான்டா. எவ்ளோ கூட்டமா இருந்தாலும் யார்னா எழுந்து எடம் குடுத்துடுவாங்க. நம்ம பக்கத்து ஜனங்க நல்ல ஜனங்க."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அப்பா தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

அந்தக் காட்சி குழுவுக்குப் போகவே இல்லை, அண்ணனும் விலகிவிட்டான். அங்கே இன்னமும் எது நகைச்சுவை என்று அடித்துக்கொள்கிறார்கள். நான் படிக்கிறேன், பதில் போடுவதில்லை. அப்பா மட்டும் ஞாயிறுதோறும் அந்த ஆட்டத்தைக் கேட்டு வாங்குகிறார். அண்ணன் கைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறான்.