வெர்னா கொடுத்த பேட்ச்

வெர்னா ஹைன்ஸால் ஓரிடத்தில் உட்கார முடியாது. தேநீரைக்கூட அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியேதான் குடிப்பாள். நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில், ஹாலெட் துறை மீன் ஆலையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்த கால்கள் அவை. ஆலையை இழுத்து மூடியபோது மற்ற பெண்கள் கொஞ்ச நாள் வீட்டில் படுத்துக் கிடந்தார்கள். வெர்னா ஒரு வாரம் தெருவுக்கும் மேட்டுக்குமாக நடந்துவிட்டு, கண்காணிப்பாளர் வேலைக்கு மனுப் போட்டாள். நண்டுப் படகுகளில் கூடவே போய், எவ்வளவு ஏறுகிறது, சின்ன நண்டும் பெட்டை நண்டும் ஒழுங்காகக் கடலுக்குத் திரும்புகிறதா என்று அளந்து எழுதுகிற வேலை.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வெர்னாவுக்குக் கடல் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதில் அப்பாவின் படகில் ஏறி, துறைமுகத்தின் வாயைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, அன்றிலிருந்து ‘வாளி வெர்னா’ என்று பெயர் வாங்கியவள். அவளைக் கட்டியவர் உயிரோடு இருந்தவரை, கல்யாண நாளன்றுகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துவார்.

அவள் பேசாமல் மருத்துவரிடம் போய்க் கடல் குமட்டலுக்கு மருந்துச் சீட்டு வாங்கி வந்தாள். மருந்துக்கடை ரோண்டா, ஒரு நாணயத்தைவிடச் சின்னதாக, தோலில் ஒட்டுகிற வட்டப் பேட்ச் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“கண்ணுல அழுத்தம் ஏதும் உண்டா? ஒண்ணுக்குப் போறதுல சிரமம்? வேற மாத்திரை எதாவது சாப்பிடுறியா?”

“ஒண்ணும் இல்ல. குடு, போகணும்.”

“நில்லுடி. காதுக்குப் பின்னால, முடி இல்லாத இடத்துல, தொடச்சுக் காயவிட்டு ஒட்டணும். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு. கத்தரிக்கக் கூடாது. படகு ஏறுறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே ஒட்டிரு, மொத நாள் ராத்திரியே ஒட்டுனா இன்னும் நல்லது. மூணு நாள் தாங்கும். மறுபடி வேணும்னா பழசை எடுத்துட்டு அடுத்த காதுல. தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிரு. எடுத்ததை ஒட்டுற பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சு, நாய் பூனை, சின்னப் பிள்ளைங்க எடுக்காத மாதிரி போடு. ஒட்டிக்கிட்டு பீர் குடிக்காத. கார் ஓட்டாத, தூக்கமா வரும். வாய் வறண்டு போகும், அது சகஜம்.”

“ஒரு பேட்ச்சுக்கு இவ்வளவு பேச்சா?”

“இது உனக்கு மட்டும் எழுதுன மருந்து, வெர்னா. மிட்டாய் இல்ல.”

மருந்து வேலை செய்தது. முதல் பயணத்தில் அவள் வாந்தி எடுக்கவில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே கரையில் நின்றவர்கள் ஏமாந்து வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் பயணத்தில் மட்டும் கை கழுவ மறந்து கண்ணைத் தேய்த்துவிட்டாள். ஒரு கண்ணின் பாப்பா கறுப்புப் பொத்தானாக விரிந்து, இரண்டு நாள் அளவுகோலின் எண்களே தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் ரோண்டா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறியதில்லை. ஒட்டிய நாளையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினாள். ஆறு நண்டுப் பருவம் அப்படியே ஓடியது.

ஏழாவது பருவத்தில் லீவை கீப்பிங்கின் படகு அவளுக்கு ஒதுக்கப்பட்டது. லீவைக்கு நாற்பது வயது. கண்காணிப்பாளர்கள் என்றாலே அவனுக்கு ஆகாது, ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. கூட ஹெட்லி என்று ஒரு கூலியாள். அப்புறம் லீவையின் அப்பா அசரியா. எழுபத்து மூன்று வயது. படகை மகன் பேருக்கு எழுதிக்கொடுத்த பின்னும் ஒரு பயணம்கூட விட்டதில்லை. துறையில் எல்லோருக்கும் அவர் அசரியா மாமா.

முதல் நாள் காலையில் படகு வெளிக்கடலுக்கு வந்ததுமே வெர்னா அதைக் கவனித்துவிட்டாள். மாமா கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். உதடு வெளுத்திருந்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி வைத்தார். “கயிறு பாத்துட்டு வர்றேன்” என்று பின்பக்கம் போனவர், திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பாடம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

லீவை சுக்கான் அறையில் இருக்கும்போது அவர் அவள் பக்கம் வந்து நின்றார்.

“என்ன பொண்ணே, அப்படிப் பாக்குற?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“குளிர்காலத்துல காதுல சீழ் புடிச்சுது. அதுலருந்து தலை நிக்க மாட்டேங்குது. அம்பத்தெட்டு வருசமா கடல்ல இருக்கேன். இப்ப போய் இப்படி.” குரலைத் தாழ்த்தினார். “உன்கிட்ட அந்த ஒட்டு இருக்குல்ல. ஒண்ணு குடு.”

“அது சீட்டு எழுதி வாங்குறது. எனக்கு எழுதுனது. உங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோ.”

“காதுக்குப் பின்னால ஒட்டுற காகிதம். அது என்னைக் கொன்னுருமா?”

“கரைக்குப் போனதும் டாக்டரைப் பாருங்க மாமா.”

“டாக்டர்கிட்ட போனா லீவைக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா அடுத்த தடவை என்னை ஏத்த மாட்டான்.” அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “சின்ன வயசுல நீ வாந்தி எடுத்தப்ப சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்தான். அதுக்குப் பழி வாங்குறியா?”

வெர்னாவுக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை. கீழே போனாள், மேலே வந்தாள், மறுபடி கீழே போனாள். அம்பத்தெட்டு வருசம் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. கடைசியில் ஒரு பேட்ச்சை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். “ஒண்ணே ஒண்ணு. கையைக் கழுவுங்க. உடனே கேக்காது, நாலு மணி நேரம் ஆகும்” என்று அவசரமாகச் சொன்னாள். ரோண்டா தன்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் அவரிடம் கேட்கவில்லை. மீதிப் பெட்டியைப் படுக்கையடியில் பைக்குள் திணித்துவிட்டுக் நண்டுக் கூண்டு ஏற்றுகிற சத்தம் கேட்டு மேலே ஓடினாள்.

அன்று சாயங்காலம் மாமா பட்டாணி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். வெர்னாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. படுக்கையில் புரண்டுகொண்டே கிடந்தாள்.

மறுநாள் காற்று ஏறியிருந்தது. காலை பத்து மணி இருக்கும். வெர்னா மேல்தளத்தில் குனிந்து நண்டு ஓட்டின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். மாமா ஒரு மூலையில் நின்று காற்றில் எதையோ இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். கையில் கயிறு இல்லை.

“மாமா, என்ன செய்றீங்க?”

“சிக்கு விழுந்துருச்சு.” முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் வார்த்தைகள் தடுக்கின. “சைலஸ் வந்துட்டானா?”

சைலஸ் அவருடைய தம்பி. கடலில் மூழ்கிச் செத்து முப்பது வருடமாகிறது.

ஹெட்லி சிரித்தான். “காலையிலயே ஏத்திக்கிட்டாரு போல.”

மாமா யாரையும் பார்க்காமல் படகின் விளிம்புக்கு நடந்தார். “கரை வந்தாச்சுடா. நான் இறங்கிக் கயிறு கட்டுறேன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒரு காலைக் கம்பிக்கு மேலே தூக்கிப் போட்டார். கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

வெர்னா அளவுகோலை எறிந்துவிட்டுப் பாய்ந்து அவருடைய மழைக்கோட்டைப் பிடித்தாள். எழுபத்து மூன்று வயது ஆளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவளையும் சேர்த்து இழுத்தார். ஹெட்லி ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்த பிறகுதான் மூவரும் பின்பக்கமாகத் தளத்தில் விழுந்தார்கள்.

லீவை ஓடிவந்து, ஹெட்லியைச் சுக்கானுக்கு அனுப்பினான். அவனும் வெர்னாவும் அப்பாவைக் கீழே கொண்டுபோய்ப் பெஞ்சில் கிடத்தினார்கள். இரண்டு கண்ணிலும் பாப்பா விரிந்து கண்ணின் நிறமே தெரியவில்லை.

“பக்கவாதம்” என்றான் லீவை. “இது பக்கவாதம்தான். எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு.” பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோவில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டு, மருத்துவரை இணைக்கச் சொன்னான்.

மாமாவின் கம்பளித் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் படகில் வெர்னாவுக்கு மட்டும்தான் தெரியும். தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அதை உரித்து எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் அது அவளிடம் இருந்தது. மருத்துவர் பக்கவாதம் என்று நம்பி வேறு வைத்தியம் சொன்னால் என்னாகும் என்று அடுத்த மூச்சில் தோன்றியது.

“லீவை, பக்கவாதம்னு சொல்லாத. நான் அவருக்கு என் பேட்ச்சைக் குடுத்தேன். நேத்து காலையில.”

லீவை ரேடியோவைப் பிடித்தபடியே திரும்பினான். “என்ன பேட்ச்?”

அவள் தொப்பியைக் கழற்றினாள். இடது காதுக்குப் பின்னால் அவள் கொடுத்தது இருந்தது. தலையைத் திருப்பினாள். வலது காதுக்குப் பின்னாலும் ஒன்று.

நேற்று குமட்டல் உடனே நிற்கவில்லை என்று, நாலு மணி நேரம் பொறுக்காமல், அவரே அவள் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

வெர்னா இரண்டையும் உரித்தாள். ஒட்டுகிற பக்கம் உள்ளே வர மடித்துச் சட்டைப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தாள். அப்புறம் தொட்டியில் தன் கையைக் கழுவினாள்.

“அப்பா செத்துக்கிட்டு இருக்காரு, இப்ப நீ கை கழுவுறியா?” லீவை கத்தினான்.

“கண்ணுல பட்டா நானும் குருடு மாதிரி ஆயிருவேன். அப்புறம் இவரை யாரு பாக்குறது?”

ரேடியோவில் ஒரு பெண் மருத்துவர் வந்தார். எத்தனை, எப்போது ஒட்டியது, வயது என்ன என்று கேட்டார். கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார் என்றும் கேட்டார்.

“அவருக்கு மூத்திரப் பைக்குக் கீழ இருக்கற சுரப்பி வீங்கியிருக்கு” என்றான் லீவை மெதுவாக. “அதுக்கு மாத்திரை சாப்பிடுறாரு.”

ரோண்டா அன்று கடையில் கேட்ட கேள்விகள் வெர்னாவுக்கு ஞாபகம் வந்தன.

“பேட்ச்சை எடுத்துட்டீங்க, நல்லது” என்றார் மருத்துவர். “ஆனா தோலுக்குள்ள போன மருந்து உடனே போயிராது. ஒரு நாள், அதுக்கு மேலகூட இப்படி உளறலாம். கனமான துணியைக் கழட்டுங்க, உடம்பு சூடேறாம பாத்துக்கங்க. நல்லா விழுங்குறாருன்னா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி. தூங்க வைக்கிறேன்னு வேற எதையும் குடுக்காதீங்க. ஒரு நிமிசம்கூடத் தனியா விடாதீங்க. கரைக்கு வாங்க, வண்டி நிக்கும். மூச்சு மாறுனாலோ, எழுப்பியும் எழும்பலைன்னாலோ உடனே கூப்பிடுங்க, ஹெலிகாப்டர் அனுப்புறோம்.”

பாதிக் கூண்டுகளைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது. ஏழு மணி நேரம். வெர்னா அந்த ஏழு மணி நேரமும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் எழு எழு என்று துடித்தன. எழவில்லை. அவர் போர்வையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவளைச் சைலஸ் என்று கூப்பிட்டார், ஒரு தடவை அம்மா என்றார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவள் ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தாள். லீவை இரண்டு தடவை இறங்கி வந்து பார்த்தான். அவளிடம் பேசவில்லை.

மருத்துவமனையில் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்த பிறகுதான் அவர் முனகுவதை நிறுத்தினார். மறுநாள் சாயங்காலம் தேதி சரியாகச் சொன்னார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி சாப்பாட்டைத் திட்டினார்.

வெர்னா அன்றே உட்கார்ந்து அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினாள். என் பேருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தேன், மீதியைப் பூட்டி வைக்கவில்லை என்று முதல் இரண்டு வரியிலேயே எழுதினாள். அந்தப் பருவம் முழுக்க அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவள் மறுபடி தெருவுக்கும் மேட்டுக்கும் நடக்கத் தொடங்கினாள். கடைக்குப் போனால் பேச்சு நின்றது. ரோண்டா மட்டும், “உனக்கு எத்தனை தடவை சொன்னேன்” என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அதற்கப்புறம் அதைப் பேசவில்லை.

ஜூன் மாதத்தில் அவள் வீட்டு வாசலில் அசரியா மாமா வந்து நின்றார். கூட லீவை, வண்டியை விட்டு இறங்காமல்.

“உள்ள வாங்க மாமா.”

“வரல. ஒண்ணு சொல்லணும்.” கம்பைச் சுவரில் சாத்தினார். “நான் கேட்டேன், நீ குடுத்த. அது நம்ம ரெண்டு பேர் தப்பு. ரெண்டாவதை உன் பையில கைய விட்டு எடுத்தது நான் மட்டும். அதை லீவைகிட்ட சொல்லிட்டேன். காது விசயத்தையும் சொல்லிட்டேன்.”

“நான் உங்க மாத்திரையைப் பத்திக் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன்.”

அவர் கம்பைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அந்த ஒட்டு எனக்கு ஆகவே ஆகாதுங்கிறாங்க. காதுக்குப் பயிற்சி குடுக்குறாங்க. தலையை ஆட்டுறது, கோட்டு மேல நடக்குறது. கோமாளி மாதிரி இருக்கு” என்றார். “கடலுக்குப் போகல. இனிமே இல்ல.” அதைச் சொன்னபோது அவர் தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பும்போது லீவை கண்ணாடியை இறக்கி, “வர்றேன் அக்கா” என்றான். அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் அவளை வேறொரு துறைமுகத்தின் படகில் போட்டார்கள். இரண்டாம் நாள் அலை பெரிதானபோது, அந்தப் படகின் ஆள் ஒருவன், பச்சை முகத்தோடு, அவள் காதுக்குப் பின்னால் கையைக் காட்டினான். “அக்கா, எனக்கும் ஒண்ணு.”

“தர மாட்டேன்” என்றாள் வெர்னா. “காத்து முகத்துல படுற இடமா பாத்து நில்லு, தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாரு. கரைக்குப் போனதும் டாக்டர்கிட்ட போய் உன் பேருக்குக் கேளு. நம்பர் தர்றேன்.”

“பெட்டி நிறைய வச்சிருக்க.”

“வச்சிருக்கேன்.”

மீதி இரண்டு நாளும் அவன் அவளோடு பேசவில்லை. அவன் விளிம்பில் தொங்கிக்கொண்டு ஓங்கரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளால் கீழே இருக்க முடியவில்லை. மேலே வருவாள், ஒரு குவளைத் தண்ணீரை அவன் பக்கத்தில் வைப்பாள், அவன் வாங்கமாட்டான், வைத்துவிட்டு அளக்கப் போவாள்.