போக ஒன்றரை, வர நாலரை

வெளியிலிருந்து வரும் கடிதத்துக்குப் பதினைந்து நாளில் பதில் போட வேண்டும். முடியாவிட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் அட்டையாவது போட வேண்டும். அலுவலக நடைமுறை அப்படி. தலைமை எழுத்தராக இருந்தபோது அதைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான், எழுபதுகளின் கடைசியில், ஒரு விமான நிறுவனத்துக்குக் கேள்வி எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

கேள்வி எனக்காக அல்ல. போடியில் எங்கள் தெருவில் மாமா முறையில் ஒருவர் இருந்தார். குரங்கணிக்கு மேலே மலையில் அவருக்கு ஏலக்காய்த் தோட்டம். ஒரே மகள் துபாயில் கணவனோடு இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வர வேண்டும். கால்கள் வீங்கியிருந்ததால், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பாக உட்காரக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். பம்பாய் வந்துவிட்டால் கொழுந்தன் வீட்டில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் எத்தனை மணி நேரம்? போகும்போது அவர்கள் கப்பலில் போனவர்கள். மருமகன் விமான அட்டவணையிலிருந்து இரண்டு வரியை எழுதி, முடிவை மாமாவிடமே விட்டிருந்தார்.

பம்பாயில் பத்து மணிக்குப் புறப்பட்டால் துபாயில் பதினொன்றரை. துபாயில் ஒரு மணிக்குப் புறப்பட்டால் பம்பாயில் ஐந்தரை.

"போக ஒன்றரை, வர நாலரையா?" என்றார் மாமா.

"அங்கே கடிகாரம் ஒன்றரை மணி பின்தங்கி ஓடும், மாமா. போகும்போது அதைக் கழிக்கணும், வரும்போது கூட்டணும்."

கணக்குப் போட்டேன். வருவதற்கு ஆறு மணி நேரம் வந்தது. போவதற்குப் பூஜ்யம் வந்தது.

"பத்து மணிக்குக் கெளம்பி பத்து மணிக்கே போயிருமாக்கும்?" என்றார் அத்தை. "அப்ப எதுக்கு மாப்ளே ஏறி ஒக்காரணும்?"

மாமாவுக்குக் குழப்பமே இல்லை. "போறது எறக்கம், வர்றது ஏத்தம். நம்ம சுமையாளுக தோட்டத்துக்கு ஏற அஞ்சு மணி, எறங்க மூணு. மட்டமா நாலுன்னு வச்சுத்தான் ஆள் அனுப்புவோம். இதையும் கூட்டிப் பாதியாக்கு. மூணு மணி."

"வருவது ஏற்றம் என்றால் நாலரையைத்தானே பார்க்கணும்?"

"ஏத்தத்துல மனுசன் நின்னு நின்னு போவான். பிளேன் நிக்குமா மாப்ளே?"

இதற்கு எந்த விதியின் கீழ் மறுப்பு எழுதுவது என்று தெரியவில்லை. எழுத்தில் பதில் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். பதினைந்து நாள் போயிற்று; அட்டைகூட வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன்.

"எட்டாம் மாசம் பொறந்துருச்சு," என்றார் அத்தை. "ஒங்க ஆபீசு சோலி முடியுறதுக்குள்ள பிள்ள பொறந்துரும்."

மாமா அன்றே மருமகனுக்கு எழுதிவிட்டார்: வெரசா அனுப்பி வையுங்கள்.

மகள் வந்து இறங்கினாள். கால் வீக்கம் கூடியிருக்கவில்லை. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டேன்.

"தூங்கிட்டேன் அத்தான். ஏறுறப்ப என் வாட்ச்சுல ஒண்ணு. எறங்குறப்ப நாலு. ஆனா அங்கன செவுத்துக் கடிகாரத்துல அஞ்சர."

வீட்டுக்கு வந்து என் முறைப்படி மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஆறுதான் வந்தது.

பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று, விருந்துக்கு நடுவில் தபால்காரர் பதிலைக் கொண்டுவந்து கொடுத்தார். பறக்கும் நேரம் சுமார் மூன்று மணி, மாறுதலுக்கு உட்பட்டது.

"என்ன போட்டிருக்கான் மாப்ளே?" என்றார் மாமா.

சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, பாயசம் போதுமா என்று கேட்டார். கைப்பழக்கத்தில் கடிதத்தின் மேல் மூலையில் வரவுத் தேதி எழுதினேன்: 9-2-79.