தொம்பை நிறைந்த செய்தி

என் தெலுங்கு பஸ் ஸ்டாண்டுத் தெலுங்கு. வாழ்க்கைப்பட்டு ஓசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பூக்காரியிடம் பேரம் பேசுவதோடு அது நின்றுவிட்டது. புகுந்த வீடு பாரூர்ப் பக்கம், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். நானோ சிவகங்கைக்காரி. என்னைக் கண்டதும் எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். பிறகு நான் எதற்குக் கற்றுக்கொள்ளப் போகிறேன்?

அந்த வருஷம் என் கணவருக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு அதே கதைதான். அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. பிறகு அரிசியோ ராகியோ, எது கேட்டாலும் கடைக்காரர் "லோடு வரலம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரேஷன் அரிசி பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. அரிசி டின்னைத் திறந்தால் அடித்தகரம்தான் தெரிந்தது.

இருந்தாலும் புகுந்த வீட்டில் தொம்பை இருக்கிறது என்ற தைரியம் எனக்கு. மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய, ஆள் உயரத் தானியக் கூடு அது. அறுப்பு முடிந்ததும் அதிலிருந்து எங்கள் பங்கு மூட்டையாக வந்துவிடும். அந்த முறை வரவில்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. சோற்றை யாராவது மறப்பார்களா?

ஒரு நாள் கணவரின் அண்ணி போன் செய்தார். நான் அவரை அக்கா என்பேன். என்னிடம் எப்போதும் தமிழ் பேசுபவர், அன்று எதையோ சொல்லத் தயங்கித் தெலுங்குக்குப் போய்விட்டார்.

"ராகுலு, பிய்யமு அன்னீ நிண்டுகுன்னாயிம்மா. நீங்க ரெண்டு பேரும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ராகுலு என்றால் ராகி, பிய்யம் என்றால் அரிசி, நிண்டு என்றால் நிறைவு. மூன்றும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. "எல்லாம் ரொம்பிக் கெடக்காம், வரச் சொல்றாங்க" என்று கணவரிடம் தமிழில் சொன்னேன். வெறுஞ்சாக்குகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினோம்.

பாரூர் ஏரியைத் தாண்டியதும், நெல் விளைந்த எங்கள் வயலில் சாமந்தி பூத்திருந்தது. பக்கத்து வயலில் வரிசையாக மனைக்கற்கள். "பூவுக்கு மாத்திட்டாங்களா?" என்றார் கணவர். எனக்கு மேற்கொண்டு கேட்கப் பயமாக இருந்தது.

அக்கா வாசலுக்கே ஓடி வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"ஒலை வெச்சிட்டேன். மூட்டைய பஸ் ஸ்டாப்புலயே வெச்சிட்டு வந்தீங்களா தம்பி?"

"எந்த மூட்டை அண்ணி?"

"அரிசிதான். எல்லாம் நிண்டுகுன்னாயின்னு இவகிட்ட சொன்னேனே!"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது: தெலுங்கு பேசும் அவர்கள் வீடுகளில் தானியம் தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அது அமங்கலம். நிறைந்துவிட்டது என்பார்கள். அக்கா எங்களிடம் அரிசி கேட்டிருக்கிறார். ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர், வேலை போன எங்களிடம் கேட்டிருக்கிறார். வெறுஞ்சாக்குகள் இருந்த பையை வெட்கத்தோடு முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

தொம்பைக்குள் எட்டிப் பார்த்தேன். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள்.

மழை பொய்த்ததையும், பூவுக்கு மாறியதையும், பூ விலை விழுந்ததையும் அக்கா தலைகுனிந்தபடி சொன்னார். "தெருவுல ஒரு படி கைமாத்துக் கேக்கலாம்னா எல்லார் வீட்லயும் பூவுதான். ஓசூரு பெரிய டவுனு, அங்க கெடைக்காததா, தூக்கினு வருவீங்கன்னு நெனச்சேன்."

"அங்க கடைக்கே வர்றதில்ல அண்ணி."

"ஏன் தம்பி வர்றதில்ல?"

"இங்கருந்து போனாத்தானே."

உள்ளே உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.